வல்லை வெளியில் ஐந்தாம் கியர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாகனத்தின் இழுவையைச் சோதிக்க ஒரு மலை கிடையாது. எங்களுக்கு ஏற்றம் என்றால் அது வல்லை வெளிதான். அச்சுவேலி தாண்டினால் மரம் மட்டையில்லாத வெட்டவெளி. சோளகக் காற்று எழும்பிவிட்டால் சைக்கிள்காரர் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள்.

நீர்வேலி வாழைத்தோட்டக்காரத் தம்பி ஒருவரின் குறையும் அங்கேதான் தொடங்கியது. காலையில் குலைகளை ஏற்றிக்கொண்டு நெல்லியடிக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது எதிர்க்காற்று. ஐந்தாம் கியரில் அடிமட்டம் மிதித்தாலும் வேகம் விழுந்துகொண்டே வரும். நாலுக்கு மாற்றினால்தான் வீடு வந்து சேரலாம். "வெறும் வண்டியே இழுக்குதில்லை அண்ணை, ரேர்போ ஒண்டு பூட்டப் போறன்" என்றார். எனக்கு இந்த விஷயங்களில் வேடிக்கை பார்க்கிற ஆசை உண்டு. ஆடி மாதச் சனிக்கிழமை ஒன்றில் நானும் கூடப் போனேன்.

வண்டி தொண்ணூறுகளின் ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப். ரேர்போ இல்லாத, 2779 சிசி '3எல்' டீசல் எஞ்சின். புதிதாக வந்தபோதே ஏறக்குறைய 90 குதிரைவலுதான். மீற்றர் நாலு லட்சம் கிலோமீற்றரைத் தாண்டி நிற்கிறது. விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே என்று கேட்பவர் இலங்கையில் வாழ்பவராக இருக்கமாட்டார். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரியும் ரூபாயின் வீழ்ச்சியும் சேர்ந்து, புது வண்டியைக் குலை விற்கிறவரின் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டன.

கராஜ் என்றால் தகரக் கூரை, நாலு தூண், எண்ணெய் குடித்துக் கறுத்த செம்மண் நிலம், பின்னால் வாழை. கராஜ்கார அண்ணைக்கு அறுபதுக்குக் கிட்ட வயது. ரேர்போக் கதையை முழுதாகக் கேட்டார். பொனெற்றைத் திறக்கவேயில்லை.

"நியூற்றலிலை விட்டிட்டு இறங்கு. ரெண்டு பேருமாத் தள்ளுங்கோ பாப்பம்."

தள்ளினோம். சமதரையில் வண்டி முக்கி முக்கி இரண்டடி நகர்ந்து நின்றது. அண்ணை பின் சில்லு இரண்டிலும் கையை வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் கொதித்தது. ட்ரமுக்குள் பிரேக் சூ விடுபடாமல் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. "இவ்வளவு நாளும் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு ஓடியிருக்கிறாய்."

அடுத்தது இன்னும் வெட்கக்கேடு. தம்பியை அக்சிலேற்றரை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, டீசல் பம்பின் லீவரை என்னைப் பார்க்கச் சொன்னார். பெடல் தரையைத் தொட்டுவிட்டது. லீவரோ முட்டவேண்டிய இடத்துக்கு ஒரு விரல் அகலம் முன்னமே நின்றுவிட்டது. கேபிள் நீண்டுபோயிருந்தது. போதாததற்குப் பெடலுக்கு அடியில் தடித்த றப்பர் பாய் வேறு. முழு மிதி என்று தம்பி நம்பியது முக்கால் மிதிதான்! எயார் பில்டரைக் கழற்றித் தட்டினார். நீர்வேலிச் செம்மண் ஒரு சிரட்டை கொட்டியது. டீசல் பில்டரின் அடியிலிருந்து தண்ணீர் வடிந்தது.

அண்ணை தொழில் பழகியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் காணக் கிடைக்காத நாட்கள். சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுதான் காரணம். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் அமுக்கம் குறைவு என்பதால் அந்தக் கொடுமையை அவை தாங்கின. "அப்ப இழுவை ஆர் கேட்டது? ஓடினாச் சரி" என்றபடியே குளோ பிளக்குகளைக் கழற்றத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பழகிய கைகள் எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதைத் துழாவும் என்று எனக்குப் பட்டது.

குளோ பிளக் இருந்த துளையில் அமுக்கமானியைப் பூட்டினார். இந்த எஞ்சினுக்குப் புத்தகக் கணக்கு சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ. 20க்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்கவேண்டும். சிலிண்டர்களுக்கிடையில் வித்தியாசம் 5ஐத் தாண்டக்கூடாது. எங்களுடையது 27, 26, 27, 24. தம்பியின் முகம் மலர்ந்தது. கிழவனுக்கு மூச்சு இருக்கிறது.

"அப்ப ரேர்போ தாங்கும்தானே அண்ணை?"

அண்ணை ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். ரேர்போ இல்லாத இந்த எஞ்சினில் காற்றை 22 மடங்குக்கு மேல் நெருக்குகிறார்கள். அதற்குள் மேலும் காற்றைத் திணித்தால் சூடும் அழுத்தமும் ஏறி, நாலு லட்சம் ஓடிய ஹெட்டையும் கஸ்கற்றையும் பதம் பார்க்கும். இதே குடும்பத்தில் ரேர்போவோடு பிறந்த 2எல்-ரீ எஞ்சினே ஹெட் வெடிப்புக்குப் பேர்போனது. பம்பின் திருகாணியைத் திருகி டீசலைக் கூட்டலாம். நிறையக் கராஜ்களில் அதுதான் மலிவு வைத்தியம். கொஞ்சம் இழுவை வரத்தான் செய்யும். ஆனால் எரிக்கக் காற்றுப் போதாத டீசல் கரும்புகையாகத்தான் போகும், எஞ்சின் தேவையில்லாமல் சூடேறும், வருட லைசென்சுக்கு முந்திய புகைப் பரிசோதனையிலும் மாட்டும். திருகாணியை அவர் தொடவில்லை. நொசில் நாலையும் கழற்றி, பட்டணத்தில் பீச்சிப் பார்த்து அழுத்தம் சரிசெய்து வரும்படி கொடுத்தனுப்பினார்.

கடைசியில் ரயருக்கு வந்தார். எனக்கு இதுதான் எதிர்பாராதது. வண்டிக்கு உரிய ரயர் ஏறத்தாழ 29 அங்குல உயரம். தம்பி அழகுக்காகப் பூட்டியிருப்பது 31. சில்லு பெருத்தால் ஒவ்வொரு கியரும் நூற்றுக்கு ஏழு பங்கு பாரமாகிறது. ஐந்தாம் கியர் வல்லையில் திணறியதில் பாதிக் கதை இதுதான். மீற்றர் 60 காட்டும்போது வண்டி 64இல் போகும். ஓடிய கிலோமீற்றரும் அதே கணக்கில் குறைந்துதான் பதிவாகியிருக்கும்.

"ரயரை மாத்த ஏலாது அண்ணை." தம்பியின் குரல் இறங்கிவிட்டது. "வண்டியின்ரை வடிவே அதிலைதான்."

அண்ணை சிரித்துக்கொண்டே பிரேக் ட்ரமுக்கு அடிக்கப் போய்விட்டார். ரயர் அப்படியே இருந்தது.

நாலாம் நாள் தம்பி தொலைபேசியில் கத்தினார். "வல்லையிலை அஞ்சிலையே வந்திட்டன்! நாலுக்குத் தொடவேயில்லை." அண்ணைக்குச் சொல்லிவிட்டீரா என்று கேட்டேன். சொன்னாராம்.

"என்ன சொன்னவர்?"

"பின்வளவு வாழையிலை இண்டைக்கு அசையவேயில்லையாம். காத்தடிக்கிற நாளிலை ஓடிப்போட்டு எடுக்கட்டாம்."