வண்டி நிற்பதற்கு என்ன விலை?

மோட்டார் வண்டி ஓடுவதற்குப் பணம் செலவழிப்பவர்கள் உலகத்தில் அநேகர். அது நிற்பதற்கும் செலவழிக்க வேண்டும் என்னும் ஞானம் நமக்கு ஏற்காட்டு மலைப்பாதையில்தான் உதயமாயிற்று.

நமது வண்டி 1968-ம் வருஷத்து அம்பாஸடர், தகப்பனார் வாங்கியது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். சேலத்துக்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். கருகிய வாசனை வந்தது. யாரோ சோளம் சுடுகிறார்கள் என்று குழந்தைகள் குதூகலித்தார்கள். சுடப்பட்டுக் கொண்டிருந்தது நமது பிரேக்! வளைவுக்கு வளைவு பெடல் அதிகமாகக் கீழே போயிற்று. ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்று தகப்பனார் சொல்வது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கியரைக் குறைத்து, ஒரு பாறை ஓரமாக நிறுத்தி, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நமது சகதர்மிணி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிரேக்கைவிட அதுதான் நமக்கு அதிக பயத்தை அளித்தது.

விஷயம் இதுதான். சூடேறினால் டிரம் விரிகிறது. விரிந்தால் உள்ளே அழுத்தும் ஷூவை விட்டு விலகிப் போகிறது. டிஸ்க் என்னும் வட்டத் தகடோ திறந்த காற்றில் சுழல்கிறது. சூட்டில் பருத்தாலும் தன்னைப் பிடிக்கும் பட்டைகளை நோக்கியே பருக்கிறது. 1953-ல் பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வண்டி ஜயித்ததற்கு இந்தத் தகடு ஒரு முக்கிய காரணம். பிற்காலத்து அம்பாஸடர்கள் சிலவற்றிலும் முன் சக்கரங்களுக்கு இது வந்தது.

மோரிஸ் மைனர் வண்டிக்கு இங்கிலாந்தில் இதை முழு செட்டாகவே விற்கிறார்கள். பவுன் கணக்கில் விலை, கப்பல் கூலி, சுங்க வரி! உத்தர்பாராவில் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டாலும், நமது நாட்டு வண்டிக்கு நமது நாட்டுச் சாமானே கிடைக்கும்போது சீமைக்கு எதற்காக எழுத வேண்டும்? சென்னைப் புதுப்பேட்டைக்குப் புறப்பட்டோம்.

"பாய், அம்பாஸடர் முன் டிஸ்க் செட் இருக்கிறதா?" என்று கேட்டோம். "இருக்குது சார். ஹப்போட பதினாலாயிரம்" என்றார். நாம் முகத்தைச் சுளித்தோம். இம்மாதிரி இடங்களில் அது ஒரு சம்பிரதாயம். ஒன்பதாயிரத்தில் முடிந்தது. வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்தோம். பாய் புன்னகை புரிந்ததன் காரணம் பின்னால் விளங்கிற்று.

வாங்கும்போது பார்க்க வேண்டியதை நமது மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். தகட்டின் கனம் எதற்குக் கீழே போகக் கூடாது என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். அளந்து பார்க்க வேண்டும். காலிப்பர் பிஸ்டனில் துரு பள்ளம் விழுந்திருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். காலிப்பரைப் பழையதாக வாங்கிப் புது ரப்பர் வளையம் போடலாம். பட்டைகளையும் ரப்பர் ஹோஸையும் பழையதாக வாங்குவது, பெட்டியில் பணத்தை மிச்சம் வைத்துவிட்டு உயிரைச் செலவழிப்பதாகும். பிரபலமான பெயரைப் போலவே ஒரே ஓர் எழுத்து மாறிய பெயருடன் ஒரு பட்டைப் பொட்டலத்தையும் ஒரு கடையில் பார்த்தோம். விலை பாதி. வைத்துவிட்டு வந்தோம்.

ஆனால் மாஸ்டர் சிலிண்டரில் நமது சிக்கன புத்தி வென்றுவிட்டது. "பழையதே இருக்கட்டும்" என்றோம். மேஸ்திரி, "வேணாங்க ஐயா" என்றார், கேட்கவில்லை. நாலு மைல் போவதற்குள் முன் சக்கரங்கள் கொதித்தன. டிரம்முக்கென்று செய்த சிலிண்டர் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைக்கும். டிரம்மில் ஷூவை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் உண்டு. டிஸ்க்கில் அப்படி இல்லை. ஆகவே பட்டைகள் தகட்டை விடாமல் உரசிக்கொண்டே வந்தன. அது மட்டுமா? பழைய சிலிண்டரில் ஒரே பாதை. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதையுள்ள இரட்டைச் சிலிண்டரும், டிஸ்க்கை அழுத்தப் போதுமான பலம் காலில் இல்லாததால் வாக்குவம் சர்வோவும் வாங்கினோம். கடைசல் கூலி, புது ஹோஸ், எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு. பேரம் பேசியது கணக்கில் சிறிய பாதியைப் பற்றித்தான்!

கணக்கைச் சகதர்மிணியிடம் காட்டினோம். நகைச்சீட்டுக்கு வைத்திருந்த பணம் அதில் அடக்கம். நோட்டை மூடி வைத்துவிட்டு, "மறுபடியும் அந்த மலைக்குப் போய் வரலாம்" என்றாள்.

சென்ற மாதம் போனோம். இறங்கும்போது தகப்பனார் சொன்ன கியரிலேயே இறங்கினோம். டிஸ்க் இருக்கிறதென்று அதை மறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி நின்றது. சேலம் வருகிறவரையில் சகதர்மிணி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள்.