பாய்க்குப் பின்னால் ஒரு முகம்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிப் பிறந்து வளர்ந்த எங்களில் பலரின் வீடுகளில் அந்தத் துறைமுகத்தின் படம் ஒன்றுகூடக் கிடையாது. யுத்த காலத்தில் கெமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெட்டிப் பக்கம் போக யாருக்குத் துணிவிருந்தது? சோதனைச் சாவடியில் சோற்றுப் பார்சலையே பிரித்துப் பார்த்த காலம் அது. அதற்கு முந்திய தலைமுறைக்கோ படமெடுப்பதே பிடிக்காது. என் வாப்பா அடையாள அட்டைக்காக ஒரே ஒருமுறை கெமராவுக்கு முன்னால் அமர்ந்தார். அவர் கொட்டியாரக் குடாவில் ஓட்டிய பாய்வள்ளத்தை நான் சொல்லித்தான் என் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஆகவே, நாற்பது வயதளவில் நான் கெமராவோடு படகில் ஏறியதை ஊரில் சிலர் வேடிக்கையாகவே பார்த்தார்கள். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், கிண்ணியாவின் மீனவக் குடும்பத்துப் பிள்ளை, 2019இல் பாய்மரப் படகோட்டம் பழகத் தொடங்கியிருந்தான். அவன் ஓடுவதைப் பார்க்க அவனுடைய உம்மா வரமாட்டா. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனவர்களில் அவவின் மூத்த மகளும் ஒருத்தி. அதன் பிறகு அவ கடற்கரைப் பக்கம் கால் வைத்ததில்லை. "படம் எடுத்துக்கொண்டு வாங்க சேர், அதுல பாக்கிறன்" என்றா.

எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல படங்கள் என்றுதான் நினைத்தேன். வெள்ளைப் பாய்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்க, பின்னால் பிரிமா மாவாலையின் உயர்ந்த கட்டடங்கள். அவ ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக் கேட்டா: "புள்ளட முகம் எங்க சேர்?"

ஒரு படத்திலும் முகம் இல்லை. காரணத்தை யோசிக்க யோசிக்கத்தான் இந்த வேலையின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது.

எங்கள் பக்கத்தில் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற வறண்ட காற்று. பின்னேரம் சூரியன் நிற்பதும் அதே மேற்குப் பக்கம்தான். பாய் ஓட்டுகிறவன் படகு கவிழாதிருக்கக் காற்று வரும் பக்கத்து விளிம்பில் குந்தி, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து வெளியே சாய்கிறான். காற்று வரும் பக்கம் நாம் நின்றால் அவன் முதுகு தெரியும். காற்றுப் போகும் பக்கம் நின்றால் பாய்தான் தெரியும். வெயில் பாயை ஊடுருவி அதை விளக்கு மாதிரி ஆக்கிவிடும். அழகுதான். ஆனால் ஆள் இல்லை.

என்னை ஏற்றிப்போன பைபர் படகுக்காரக் காக்கா இன்னொன்றும் சொல்லித் தந்தார். "காத்து வாற பக்கம் கிட்டப் போனா ஓடுறவங்கட காத்த மறிச்சிருவம் சேர். நம்மட அலையும் அவங்களுக்குத் தொந்தரவு." போட்டி ஓடும் பிள்ளைகள் மாதக்கணக்கில் பாடுபட்டு வந்திருக்கிறார்கள், ஒரு படத்துக்காக அவர்கள் பாதையைக் கலக்குவது அநியாயம்.

உலகத்தில் இந்த வேலையைப் பெரிதாகச் செய்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் கௌஸ் துறைமுகத்தில், மருந்துக்கடைக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பீக்கன், மரப்பெட்டிக் கெமரா ஒன்றைத் தானே வடிவமைத்தார். பார்க்க ஒரு வில்லை, படம் பிடிக்க ஒரு வில்லை. ஆடும் படகில் அந்தப் பாரத்தைத் தூக்கிப்பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் ஷட்டரோடு இணைத்த றப்பர் குமிழைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துப் படமெடுத்தார். நியூயோர்க்கில் மொரிஸ் ரோசன்ஃபெல்ட் பாய்ப்படகுகளைத் துரத்திப்போகும் தன் படகுக்கு 'ஃபோட்டோ' என்றே பெயர் வைத்தார். எனக்கு விரலை அழுத்தினால் நொடிக்குப் பல படம் விழுகிற கெமரா வாய்த்திருக்கிறது. பல்லுக்கு வேலையில்லை. ஆனாலும் முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றினால் எஞ்சின் நடுக்கம் முழுவதும் படத்தில் ஏறிவிடும். முழங்காலை மடக்கி, உடம்பையே ஸ்பிரிங் ஆக்கி நிற்கவேண்டும். ஷட்டர் வேகம் வினாடியில் 1000இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. உப்புத் தூவானத்துக்கு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று எப்போதும் மடியில்.

முகத்துக்கான இடம் கடைசியில் கிடைத்தது. காற்றை எதிர்த்து ஓடும் படகு நேரே போகாது. வளைந்து வளைந்து, பக்கம் மாறி மாறித்தான் ஏறும். பக்கம் மாறும்போது அணியம் காற்றுக்கு நேராக வந்து திரும்ப, ஓட்டுகிறவன் முன்னோக்கியபடி பாய்க்குக் கீழால் குனிந்து மறுபக்கம் பாய்கிறான். அந்த இரண்டு மூன்று வினாடி அவன் முகம் மேற்குப் பார்த்திருக்கும். வெயிலும் அதில் விழும். அதைப் பிடிக்க மேல் மிதவைக்கும் அப்பால், யாருக்கும் காற்று மறியாத தூரத்தில், எஞ்சினைத் தணித்துக் காத்திருக்கவேண்டும். நீள வில்லை ஒன்றுக்காகப் பாதிச் சம்பளத்தைச் செலவழித்தேன். வீட்டில் நடந்த பேச்சை இங்கு எழுதப்போவதில்லை.

அதற்கிடையில் 2021 நவம்பர் 23 வந்தது. குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில், ஆட்களை ஏற்றி இறக்கிய இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் இறந்தார்கள். அன்று முழுவதும் கிண்ணியாவில் ஒவ்வொரு ஆசிரியரும் வரவுப் பதிவேட்டை வேறு மாதிரித்தான் பார்த்தோம். அந்த உம்மா மகனைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. அவனும் எதிர்த்துப் பேசவில்லை.

2023 கச்சான் காலத்தில் அவன் என்னிடம் வந்தான், உம்மாவிடம் பேசச் சொல்லி. பேசினேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நீங்க போட்ல பக்கத்துல நிக்கிறதெண்டா ஒருதரம் போகட்டும்" என்றா.

அன்று நான் படமெடுத்ததைவிடப் பாய்களை எண்ணியதுதான் அதிகம். பாதி ஓட்டத்தில் ஒரு படகு கவிழ்ந்தது. கெமரா என் கழுத்தில் தொங்கியது, கண்தான் பார்த்தது. அவனல்ல, வேறொரு பிள்ளை. அந்தப் பிள்ளை படகின் அடியில் நீண்டிருந்த பலகையில் ஏறி மிதித்து, ஒரு நிமிடத்துக்குள் படகை நிமிர்த்திக்கொண்டு ஓடினான். காக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கை நடுங்கி அடங்கியபோது, எங்கள் பையன் மேல் மிதவைக்குக் கீழே பக்கம் மாறிக்கொண்டிருந்தான். அழுத்தினேன்.

படத்தை அவ ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. இவ்வளவு பாடுபட்டு எடுத்த முகத்தை முதலில் பார்க்கவில்லை. உயிர்காப்பு அங்கியின் நெஞ்சுக் கொளுக்கியில் விரலை வைத்து, "இது தண்ணிக்குள்ள கழண்டு போகாதா சேர்?" என்று கேட்டா.

போகாது என்றேன். எப்படிப் பூட்டுவது என்று கேட்டா. அடுத்த சனிக்கிழமை அவன் அங்கியைக் கொண்டுவந்து, குசினி வாசலில் வைத்து, உம்மாவுக்கே போட்டுப் பூட்டிக் காட்டினான். அவ இரண்டு கையாலும் வாரைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தா.