டைனமோவும் பரடே விதியும்

1990களில் போரும் பொருளாதாரத் தடையும் யாழ்ப்பாணத்தை இறுக்கியிருந்தன. மின்சாரம் இல்லை. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சனம் சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டுத் திரி பொருத்திய விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சில துளி பெற்றோலில் உயிர் கொடுத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சயிக்கிள் ஓட்டினார்கள்.

இரவில் பெடல் சுற்றிய நாங்களே காலையில் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் விதியைச் சொல்லச் சொல்ல எழுதினோம். எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தால் முழுப் புள்ளி. டைனமோவுக்குள் சுற்றிய காந்தம்தான் கொப்பியில் கிடந்த அந்த விதி என்று யாரும் காட்டித் தரவில்லை. அதற்காக எங்கள் ஆசிரியர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆய்வுகூடத்துக்குப் பொருள் வரவில்லை, பாடத்திட்டம் நீண்டது, பல்கலைக்கழக வாசலைத் திறக்க ஒரே ஒரு பரீட்சைதான் இருந்தது. அந்த நெருக்கடிக்குள்ளும் அவர்கள் மருத்துவர்களையும் பொறியியலாளர்களையும் உருவாக்கினார்கள். ஆனால் எங்களில் பலருக்கு விஞ்ஞானம் வேலைக்குப் போகும் வழியாக இருந்ததே தவிர, ஆசையாக வளரவில்லை.

இப்போது நான் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆறாம் வகுப்புக்கு மின்சாரம் ஒரு பாடம். என் மகளின் ஆசிரியை விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரு பற்றரி, இரண்டு கம்பி, ஒரு சிறு பல்ப் கொடுத்திருக்கிறார். எப்படி இணைத்தால் எரியும் என்று நினைக்கிறீர்கள், முதலில் வரைந்து வையுங்கள் என்றாராம். வரைந்தபடி இணைத்தார்கள், பலருக்கு எரியவில்லை. கம்பியை மாற்றினார்கள், ஒருவரோடொருவர் வாதிட்டார்கள், எரிந்தது. அதன் பிறகே மின்சுற்று என்ற பெயர் வந்தது. அன்று மாலை அவள் வீட்டு ரோர்ச் லைற்றைக் கழற்றிப் பார்த்தாள். யாரும் கொடுக்காத வீட்டுப்பாடம் அது.

முதலில் முயன்று பார்க்கவிடும் இந்த முறை பெரியவர்களுக்கும் பலிக்கிறது. 2011இல் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. முதலாமாண்டு மாணவருக்கு மின்காந்த அலைகள் பாடம். ஒரு பிரிவுக்கு அனுபவமிக்க பேராசிரியர் வழமையான விரிவுரை நடத்தினார். மற்றதில் அனுபவம் குறைந்தவர்கள் கேள்விகளைக் கொடுத்து, மாணவரைத் தங்களுக்குள் விவாதிக்க விட்டார்கள். ஒரு வாரப் பாடத்தின் பின் நடந்த சோதனையில் விரிவுரைப் பிரிவின் சராசரி 41 வீதம். மற்றப் பிரிவுக்கு 74. வகுப்புக்கு வருவோரும் கூடினார்கள், வகுப்பில் ஈடுபாடும் கூடியது.

ஆனாலும் இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இந்த முறையில் நம்பிக்கை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுத்தான் நடக்கிறது என்கிறார்கள். மூன்றாம், ஆறாம் வகுப்புகளின் மாகாணச் சோதனை வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றை மட்டுமே பார்ப்பதால் விஞ்ஞானம் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. உயர்வகுப்பு வந்ததும் ரியூசனில் சேர்த்து, சூத்திரத்திலிருந்தே தொடங்கி வைக்கிறோம்.

சூத்திரம் வேண்டும், பயிற்சியும் வேண்டும். எது முதலில் வருகிறது என்பதில்தான் பிள்ளையின் ஆர்வம் தங்கியிருக்கிறது. மைக்கேல் பரடே கணிதம் அதிகம் கற்றவரல்ல. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். 1831இல் சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தி, கல்வனோமானியின் முள் அசைவதைக் கண்டபின் பிறந்ததுதான் நாங்கள் மனப்பாடம் செய்த அந்த விதி. கண்டுபிடித்தவருக்கே கை முந்தியும் விதி பிந்தியும் வந்திருக்க, பத்து வயதுப் பிள்ளைக்கு அதைத் தலைகீழாக்க எங்களுக்கு என்ன நியாயம்?

இங்கே ஸ்காபரோவில் ரியூசன் நடத்தும் எங்கள் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: கம்பிச் சுருளையும் காந்தத்தையும் முதலில் பிள்ளையின் கையில் கொடுங்கள். என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். எங்கள் காலத்தில் அதைத் தடுக்கப் போர் இருந்தது. இங்கே தடுப்பது எங்கள் அவசரம் மட்டுமே.