ஈயப் பூச்சும் இட்ரியாப் பூச்சும்

"பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்!" என்று தெருவில் குரல் கேட்டால், அம்மா பித்தளைப் பாத்திரங்களோடு வாசலுக்குப் போய்விடுவாள். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தை வைத்துத் துணியால் ஓர் இழுப்பு. உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அதை வெயிலில் சாய்த்துப் பார்க்காமல் அம்மா காசு கொடுக்க மாட்டாள். ஓரிடத்தில் பூச்சு விட்டிருந்தாலும் போதும், புளி பித்தளையைத் தின்னும். குழம்பில் களிம்பு ஏறும்.

பின்னாளில் நான் பார்த்த வேலையும் ஏறக்குறைய அதுதான் என்றால் சிரிப்பீர்கள். அணு எரிபொருளுக்காக யுரேனிய உலோகத்தை உருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். யுரேனியம் 1132 டிகிரி செல்சியஸில் உருகும். உருக்குகிற மூசை கிராஃபைட். அது 3000 டிகிரியையும் தாங்கும். ஆனால் சூட்டைத் தாங்கினால் மட்டும் போதாது, உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகவும் வேண்டும். உருகிய யுரேனியம் கிராஃபைட்டில் உள்ள கரியோடு சேர்ந்து கார்பைடு ஆகிவிடும். அதனால் மூசையின் உள்பக்கம் இட்ரியா பூசுவோம். இட்ரியா என்பது இட்ரியத்தின் ஆக்சைடு. தன் ஆக்சிஜனை யுரேனியத்துக்கு அது லேசில் விட்டுக்கொடுக்காது.

ஒருநாள் மூசைக்குப் பூச்சுப் பூசியது புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். சுரண்டிவிட்டு மறுபடி பூசினால் வேலை தள்ளிப்போகும். மேலே அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

உலை ஆறியபின் திறந்தால், கட்டி மூசையோடு ஒட்டிக்கிடந்தது. நல்லவேளை, யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் சோதித்ததில் உலோகத்தில் கரி ஏறியிருந்தது. அத்தனையும் வீண். "ஒழுங்காப் பூசத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் அந்தப் பையனுக்குத்தான் திட்டு விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்கு வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம். காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அந்த விரிசலைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும் சார்," என்றார். "டார்ச்சை அணைச்சிட்டு மறுபடியும் அடிச்சுப் பாத்தீங்களே, அப்பவே தெரியும்."

பிறகு தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவசியம் குடும்பத்தோடு வரணுமாம். போகத்தான் போகிறேன்.