ஒரு நாள் வாடட்டும்

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்க வயல் சுரங்கம் மூடப்பட்டது. அப்பாவுக்குத் தெரிந்த தொழில் பூமிக்கு அடியில்தான் இருந்தது. கைக்கு வந்த பணத்தில் பன்னிரண்டு செம்மறி ஆடுகள் வாங்கினார். "ஆடு என்ன, கண்டதையும் தின்னும்" என்றார்கள் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள்.

தின்னவில்லை. கோடையில் புல் கருகிய பிறகு வரப்போரம் பச்சையாக நின்றது கிளைரிசிடியா மட்டும்தான். கன்னட விவசாயிகள் 'கொப்பரத கிட', அதாவது உரச்செடி என்பார்கள். அப்பா ஒரு கட்டு வெட்டிவந்து போட்டார். ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. ஒன்றுகூடக் கடித்துப் பார்க்கவில்லை. "பட்டினி கிடந்தா தானா தின்னும்" என்றார் அப்பா. ஆடுகள் இளைத்ததுதான் மிச்சம்.

பங்காரப்பேட்டைப் பக்கமிருந்து ஆடு ஓட்டிவந்த ஒரு பெரியவர்தான், தெலுங்கு கலந்த தமிழில் வழி சொன்னார்: "வெட்டின அன்னைக்கே போடாதேப்பா. ஒரு நாள் வாடட்டும்." காலையில் வெட்டிய தழையைத் தகரக் கூரைமேல் பரப்பி, மறுநாள் போட்டோம். முதலில் ஒரு கிடா வாய் வைத்தது. பிறகு மற்றவையும். ஒரு வாரத்தில் கட்டைக் கண்டாலே ஓடிவந்தன.

காரணத்தைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பழக்கமில்லாத ஆடு இந்தத் தழையை ருசி பார்த்து ஒதுக்குவதில்லை, வாசனையிலேயே ஒதுக்குகிறது. வாடும்போது அந்தப் பச்சை வாடை குறைகிறது. பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர், அதுவும் வற்றுகிறது. காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். வைக்கோலில் அதில் கால் பங்குகூட இல்லை.

ஆனால் வாடுவது வேறு, பூசணம் பிடிப்பது வேறு. ஐப்பசி மழையில் சாக்கில் கட்டிவைத்த தழை வெள்ளை பூத்துவிட்டது. அப்பா மொத்தத்தையும் குப்பையில் கொட்டினார். நான் வருத்தப்பட்டேன். அவர் செய்தது சரி. இந்த இலையில் உள்ள கூமரின், பூசணம் பிடித்தால் ரத்தத்தை உறையவிடாத நஞ்சாக மாறக்கூடும். 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தது இதனால்தான். கிளைரிசிடியா என்ற லத்தீன் பெயருக்கே எலிக்கொல்லி என்றுதான் பொருள்.

அடுத்த பக்ரீத்துக்கு மூன்று கிடாக்கள் விற்றோம். என் கல்லூரிக் கட்டணம் அதில்தான் கட்டப்பட்டது. அதன் பிறகும் அப்பா ஆட்டுக்குத் தழை போடும் முன், தானே ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் போடுவார்.