ஒரு சுண்டு அரிசியும் ஓர் ஆலோசனையும்

2014ஆம் ஆண்டு கந்தசஷ்டி ஐந்தாம் நாள் மாலை. ஒஸ்லோவில் ஒரு கோயில் மண்டபம். தீபாராதனைக்கு மணி ஒலித்த வேளையில், ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு பெண் தலைசுற்றிச் சாய்ந்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து மடைப்பள்ளிக்குப் பக்கத்து அறையில் இருத்தினார்கள். எல்லோராலும் மாமி என்று அழைக்கப்படும் ஒரு மூதாட்டி பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"பிள்ளை, காலமை என்ன சாப்பிட்டனீ?"

"விரதம் மாமி. இரவிலை ஒருநேரம் மட்டும்தான்."

"பிள்ளைத்தாச்சிக்கு விரதம் இல்லையெண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

அவள் அழத் தொடங்கினாள். தனக்குச் சீனி வருத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள், பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்றுதான் முருகனுக்கு நேர்ந்து விரதம் இருக்கிறேன் என்றாள். பிள்ளையைக் காப்பதற்காக எடுத்த விரதமே பிள்ளைக்கு ஆபத்தாகும் நிலை. அன்று மடைப்பள்ளியில் இருந்தவர்கள் இதை இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள்.

பிறகு கதை சிறிது சிறிதாக வெளிவந்தது. அவளும் கணவனும் துப்புரவு வேலை செய்பவர்கள். மணித்தியாலக் கணக்கில் சம்பளம். ஊருக்கும் அனுப்ப வேண்டும், இங்கே வாடகையும் கட்ட வேண்டும். சுகநல நிலையத்தில் மருத்துவமாது பரிவாகப் பேசி, உணவுக் கட்டுப்பாடு பற்றிய ஒரு காகிதத்தைக் கொடுத்திருந்தார். அதில் பாண் எத்தனை துண்டு, உருளைக்கிழங்கு எத்தனை, சீஸ் எவ்வளவு என்று தெளிவாக இருந்தது. சோறு, பிட்டு, இடியப்பம் பற்றி ஒரு வரிகூட இல்லை. காகிதத்தில் இல்லாததற்குக் கட்டுப்பாடும் இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மொழிபெயர்த்தவன் அவளுடைய எட்டு வயது மகன். ஏன் பகலில் சாப்பிடுவதில்லை என்று மருத்துவமாது கேட்டபோது, விரதத்துக்கு நோர்வேஜிய மொழியில் என்ன சொல் என்பது அவனுக்குத் தெரியவில்லை. "அம்மாவுக்குச் சாப்பிட விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டான். வீட்டில் வறுமையோ, மனச்சோர்வோ என்று மருத்துவமாது கவலைப்பட்டார். மூவரும் நல்லவர்கள். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்த வாரம் மாமியும் அவளுடன் நிலையத்துக்குப் போனார். முன்கூட்டியே கேட்டுக்கொண்டபடியால் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தார். மாமி தம் கைப்பையிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த சுண்டை எடுத்து மேசையில் வைத்தார். அரிசியை நிரப்பித் தராசில் வைத்தபோது ஏறக்குறைய 200 கிராம் காட்டியது. மருத்துவமாது கணக்குப் பார்த்தார். அந்த ஒரு சுண்டு அரிசியில் ஏறத்தாழப் பத்துத் துண்டுப் பாணுக்குச் சமமான மாச்சத்து இருந்தது. விரதம் முடித்த இரவுகளில் அந்தப் பெண் உண்டது அதில் பாதிக்கு மேல்.

அன்று பழைய காகிதத்தின் பின்புறத்தில் புதிய கணக்கு எழுதப்பட்டது. சோறு ஒரு சிறு கோப்பை, கறியில் கீரையும் பருப்பும் கூட, பிட்டில் மாவைக் குறைத்துக் காய்கறியைச் சேர்த்தல், ஒருநேரப் பெருஞ்சாப்பாட்டை மூன்று நான்கு நேரமாகப் பிரித்தல், சாப்பிட்டபின் சிறு நடை. அவளுடைய இரத்தச் சீனி படிப்படியாக அளவுக்குள் வந்தது. தை மாதத்தில் குழந்தை சுகமாகப் பிறந்தது.

மாமி எந்த மருத்துவக் கல்லூரிக்கும் போனவரல்லர். ஆயினும் அன்று அந்த நிலையத்துக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அவருடையதே மேலானது. ஏழை எளியோருக்குச் சேவை செய்யும் சுகநல நிலையம் எதுவானாலும், மருந்தும் கருவியும் மட்டும் அதற்குப் போதா. வருகின்றவரின் அடுப்படி எப்படியிருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவரும் வேண்டும்.

இது புதிய உண்மையன்று. தென்னாபிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில், பொலேலா என்னும் வறிய கிராமப் பகுதியில், 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற வைத்தியத் தம்பதியர் ஒரு சுகநல நிலையத்தை ஆரம்பித்தனர். அவ்வூர் மக்களையே பயிற்றி வீடுவீடாக அனுப்பினர். நோயின் வேர் போசாக்கின்மை என்று கண்டு, காய்கறித் தோட்டங்களை ஊக்குவித்தனர். அங்கே சென்று பயின்ற அமெரிக்க மாணவர் ஜாக் கைகர், பின்னாளில் கவுண்ட் கிப்சன் என்ற வைத்தியருடன் சேர்ந்து 1965இல் பொஸ்டன் நகரின் கொலம்பியா பொயின்ற் குடியிருப்பிலும், அதன்பின் மிசிசிப்பி மாநிலத்து மவுண்ட் பேயூவிலும் இத்தகைய நிலையங்களை அமைத்தார். பசியால் வாடிய பிள்ளைகளுக்கு அங்குள்ள வைத்தியர்கள் மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்தார்கள். அந்த வழியில் வளர்ந்து, அமெரிக்க மத்திய அரசின் நிதி பெறும் நிலையங்களுக்கு இன்று ஒரு விதி உண்டு: நிர்வாக சபையில் குறைந்தது 51 சதவீதத்தினர் அந்நிலையத்திலேயே வைத்தியம் பெறுபவர்களாக இருக்க வேண்டும். நோயாளியே தலைமை ஆலோசகர் என்பதுதான் இதன் பொருள்.

ஒஸ்லோவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 2008 முதல் 2010 வரை குரூருட் பள்ளத்தாக்கில், ஸ்டோவ்னர், குரூருட், பியர்க்க ஆகிய மூன்று பகுதிகளின் சுகநல நிலையங்களில் 823 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வினாக்கொத்துகள் தமிழிலும் இருந்தன. தெற்காசியப் பெண்களிடையே கர்ப்பகால நீரிழிவு நோர்வேஜியப் பெண்களிடையே இருப்பதைவிட அதிகம் என்று அது காட்டியது. தெற்காசியரின் உடல்வாகில், பார்வைக்கு மெலிந்தவர்களிடமும் இந்நோய் ஒளிந்திருக்கும். ஆசிய, ஆபிரிக்க வழிவந்த கர்ப்பிணிகளுக்கு 24 முதல் 28 வரையான வாரங்களில் சீனிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2017இல் நோர்வே சுகாதாரப் பணிப்பகம் வழிகாட்டியது. மக்கள் முன்வந்து விபரம் கொடுத்தபடியால் விளைந்த நன்மைகள் இப்படிப்பட்டவை.

உரிமைகளும் உண்டு, அறியாதவருக்கு அவை இருந்தும் இல்லாதவையே. கர்ப்பகாலப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. வேலை நேரத்துக்கு வெளியே போக முடியாவிட்டால், சம்பளம் குறையாமல் அதற்குச் சென்றுவர நோர்வேச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பெண்ணோ இது தெரியாமல் இரண்டு தவணைகளைத் தவறவிட்டிருந்தாள். பொதுச் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி பணம் கொடுக்க வேண்டியதில்லை. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசர நிலை போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைப்பதைத் தடைசெய்கிறது.

மொழிபெயர்ப்பாளரும் தமிழர்தானே, வீட்டுக் கதை ஊருக்குப் போய்விடாதா என்று பலர் தயங்குவது உண்டு. சிறிய சமூகத்தில் இப்பயம் இயல்பானதே. ஆனால் இரகசியம் காப்பது அவருக்குச் சட்டம் விதித்த கடமை. அதைவிட, தாயின் இரத்தப்போக்கையும் தந்தையின் மனநோயையும் எட்டு வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சங்கத்தில் ஓய்வுபெற்ற தாதியர் இருக்கிறார்கள், மருந்தாளர் இருக்கிறார்கள், ஆயிரம் பேருக்கு அன்னதானம் சமைத்த கைகள் இருக்கின்றன. அவர்களில் ஐந்தாறு பேர் முன்வந்து, அயலிலுள்ள சுகநல நிலையத்துக்குச் சென்று, தமிழரின் உணவு இது, விரத நாட்கள் இவை, விரதத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள் இன்னார் என்று எடுத்துச் சொன்னால், அது கோபுரத்துக்கு ஒரு கல் வைத்ததற்குக் குறைந்த புண்ணியமாகாது. எவருடைய நோயையும் அவர்கள் விசாரிக்க வேண்டியதில்லை. வழக்கத்தைச் சொன்னால் போதும். நோய் நோயாளிக்கும் வைத்தியருக்கும் உரியது.

அந்தப் பெண் இப்போதும் சஷ்டிக்குக் கோயிலுக்கு வருகிறாள். கர்ப்பகாலத்தில் சீனி ஏறியவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமாகையால், வருடந்தோறும் குடும்ப வைத்தியரிடம் இரத்தம் சோதிக்கிறாள். விரதம் பிடிப்பதற்கு முன் அவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்கிறாள். அவளுடைய அரிசி வாளிக்குள் மாமி கொடுத்த சுண்டு கிடக்கிறது. அதன் பாதியளவில், உள்ளே நகப்பூச்சினால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள்.