மொன்மார்த்ர் சரிவில் ஒரு அரிசிப் பை

பாரிஸில் ஸ்னோ எப்பவாவதுதான் கொட்டும். கொட்டினால் பெரியவர்களும் சின்னப்பிள்ளை ஆகிவிடுவார்கள். 2018 பெப்ரவரியில் அப்படித்தான். நகரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு வாகனங்கள் தேங்கி நின்றன, ஈபிள் கோபுரத்தை மூடினார்கள், மொன்மார்த்ர் சரிவில் ஆட்கள் ஸ்கீ கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

லாச்சப்பலில் அக்கா வீட்டில் நின்றேன். மருமகனுக்கு அப்ப எட்டு வயது. "மாமா, எனக்கு லூஜ் வேணும்" என்று ஒரே கரைச்சல். லாச்சப்பல் கடைகளில் முருங்கைக்காய் கிடைக்கும், குத்துவிளக்கு கிடைக்கும், லூஜுக்கு எங்க போறது? குசினியில் கிடந்த 20 கிலோ பாஸ்மதிப் பையை மடித்து எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். இரண்டாம் இலக்க மெத்ரோ தலைக்கு மேலால் ஓடும் பாலத்துக்குக் கீழே நடந்து, பார்பெஸ் தாண்டினால் குன்றடி வந்துவிடும்.

அம்மா போனில் மூன்று தரம் சொன்னா: "காதை மூடு, தடிமன் பிடிக்கும்." எங்கட அம்மாமாருக்குப் பனி என்றால் குளிர் மட்டும்தான். எங்களுக்கும் அவையளிடமிருந்து அந்தப் பயம்தான் வந்தது. அவனுக்கு இரண்டு ஸ்வெட்டர், தொப்பி, கழுத்தைச் சுற்றி நீள மஃப்ளர் எல்லாம் போட்டேன். சரிவு எங்க போய் முடியுது என்று மட்டும் பார்க்கவில்லை.

அரிசிப் பைக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பவும் ஏலாது. இரண்டு தரம் இருந்தபடி போனான். மூன்றாம் தரம் குப்புறப் படுத்து, தலை முன்னால். அடியில் இரும்பு வேலி. நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன்.

மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது கையைப் பற்றி அல்ல. "தலை அடிபட்டதா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்க்ரீனில் பார்த்த ஆளுக்கு என்ன தெரியும்? நல்ல காலம், தலைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று இரவு முழுக்க அக்காவும் நானும் மாறி மாறி முழித்திருந்தோம். வாந்தி எடுத்தாலோ, தலையிடி கூடினாலோ, எழுப்ப எழும்பாமல் கிடந்தாலோ உடனே 15-க்கு அடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இப்ப நான் முதலில் பார்ப்பது சரிவின் அடியைத்தான். வேலி, மரம், படி, றோட்டு ஏதாவது இருந்தால் வேற இடம். கால் முன்னால் நீட்டி, இருந்துதான் போக வேண்டும். மஃப்ளரைக் கழற்றி வைக்க வேண்டும், எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஹெல்மெட் தனியாக வாங்கத் தேவையில்லை. 2017 மார்ச்சில் இருந்து 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஹெல்மெட் இல்லாமல் சைக்கிள் ஓட ஏலாது, அதனால் அநேகமான வீடுகளில் ஒன்று கிடக்கும். அதையே போட்டுவிடுங்கோ. தொப்பியைவிட அது மேல்.

2024 நவம்பரில் திரும்பக் கொட்டியது. மருமகன் இப்ப என்னைவிட உயரம். காலையில் ஒரு மெசேஜ்: "மாமா, அரிசிப் பை இருக்கோ?"